ஆலோசனைக்குப் பதில் எழுதுவது யார் கடமை?

முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு செய்யும் பணிகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். திட்டங்களின் பட்டியல் எந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பிலும் கிடைக்கும். அதை இங்கே வாசித்து உங்கள் மாலைப் பொழுதை வீணாக்கப் போவதில்லை. ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகளுக்கு நடுவே விழுந்திருக்கும் ஓர் இடைவெளியைப் பற்றியே பேசப் போகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 71ஆம் பிரிவு, மாநில ஆலோசனை வாரியம் என்ற அமைப்பு அரசுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்கிறது. 81ஆம் பிரிவு மாநில ஆணையரைப் பற்றியது. ஆணையர் ஓர் அதிகாரிக்கோ அமைப்புக்கோ பரிந்துரை அனுப்பினால், பெற்றவர் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்து அதைத் தெரிவிக்க வேண்டும். ஏற்க மறுத்தால் மறுப்புக்கான காரணத்தை அதே மூன்று மாதத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். ஆணையர் என்ற தனி மனிதர் சொன்னால் பதில் உண்டு. அமைச்சரின் தலைமையில் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் கூடி யோசித்துச் சொன்னால், பதில் எழுத யாருக்கும் கடமை இல்லை. ஆலோசனைக் குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதைப் பற்றி நாம் நிறைய வாதிடுகிறோம். அவர்கள் சொன்னதற்கு அரசு பதில் சொல்லியாக வேண்டுமா என்ற கேள்வி அதைவிடப் பெரியது என்பதே என் வாதம்.

முதலில் இந்த வாரியத்தின் உடல்வாகைப் பார்த்துவிடுவோம். வாரியம் என்றதும் உதவித்தொகை வழங்கும் நல வாரியம் நம் நினைவுக்கு வரும், இது அதுவல்ல. துறை அமைச்சர் தலைவர். பதினைந்துக்கும் மேற்பட்ட துறைகளின் செயலாளர்கள் உறுப்பினர்கள். சட்டமன்றத்திலிருந்து மூவர், துறை வல்லுநர் ஐவர், மாவட்டங்களின் சார்பில் சுழற்சி முறையில் ஐவர், வணிகச் சங்கங்களின் சார்பில் மூவருக்கு மேற்படாமல் சிலர். இவர்களுக்குப் பிறகு, தொண்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் 'இயன்றவரை' மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், பட்டியல் இனத்தவரிலும் பழங்குடியினரிலும் ஒவ்வொருவராவது இருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லத் தெரிந்த சட்டத்துக்கு, மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் மட்டும் 'இயன்றவரை' என்ற சொல் தேவைப்பட்டிருக்கிறது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும். மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு என்பது நான்காம் வேற்றுமை. மாற்றுத்திறனாளிகளின் அமைப்பு என்பது ஆறாம் வேற்றுமை. நான்காவதன் பொருள்களை அடுக்கும்போது நன்னூல் கொடையைத்தான் முதலில் வைக்கிறது. ஆறாவதன் பொருள் கிழமை, அதாவது உடைமை. 2006இல் ஐ.நா. நிறைவேற்றி, 2007 அக்டோபரில் இந்தியா ஏற்புறுதி செய்த உடன்படிக்கை, மாற்றுத்திறனாளிகளை அவர்களுடைய பிரதிநிதித்துவ அமைப்புகள் வழியாக நெருங்கிக் கலந்துபேச வேண்டும் என்று ஆறாம் வேற்றுமையில் பேசுகிறது. நம் சட்டம் அதை நான்காவதுக்குக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டது.

இன்னொரு நகர்வும் நடந்திருக்கிறது. அதை யாரும் அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை. 2016 சட்டத்துக்கு முன்னோடியான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாநில ஒருங்கிணைப்புக் குழு என்று ஒன்று இருந்தது. அதன் முடிவுகளை நிறைவேற்றும் பொறுப்போடு மாநிலச் செயற்குழு என்று இன்னொன்றும் இருந்தது. முதலாவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அந்தச் செயற்குழுக்கள் சிறப்பாக வேலை செய்தன என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் பேசுவதற்கு ஓர் இடம், பேசியதைச் செய்வதற்கு ஓர் இடம் என்ற கட்டமைப்பாவது தாளில் இருந்தது. பல வகையிலும் மேலான சட்டமான 2016ஆம் ஆண்டுச் சட்டம், அங்கீகரித்த குறைபாடுகளை இருபத்தொன்றாக உயர்த்தியது, வேலை ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக்கியது, சலுகை என்ற மொழியை உரிமை என்ற மொழியாக மாற்றியது. செயற்குழுவை மட்டும் கைவிட்டுவிட்டது. மாவட்டத்துக்கு வந்தால் சட்டம் ஒரே வாக்கியத்தோடு முடித்துக்கொள்கிறது: மாநில அரசு மாவட்ட அளவில் குழு அமைக்க வேண்டும், விதிகளில் குறிக்கும் பணிகளை அது செய்யும். 72ஆம் பிரிவு அவ்வளவுதான். இந்தச் சுருக்கம் குறைதான். அதிலேயே ஒரு வாய்ப்பும் இருக்கிறது. பின்னால் அதற்கு வருகிறேன்.

முதியோர் பக்கம் நிலைமை இன்னும் மெலிவு. 1999 ஜனவரியில் மத்திய அரசு முதியோருக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டு தேசிய முதியோர் குழு அமைந்தது. 2005இல் திருத்தி அமைக்கப்பட்டு, 2012இல் பெயரும் மாறியது. 2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம், ஆட்சியரிடம் மேல்முறையீடு, மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை என்று பிள்ளைகளின் கடமையை அது விரிவாக வகுத்தது. அரசின் கடமையைக் கண்காணிக்கும் மாநிலக் குழுவும் மாவட்டக் குழுவும் அந்தச் சட்டத்தின் உடலில் இல்லை. மத்திய அரசு அனுப்பிய மாதிரி விதிகளில்தான் இடம்பெற்றன. பிள்ளை பதில் சொல்லத் தவறினால் சிறை வரைக்கும் போகலாம். அரசு பதில் சொல்லத் தவறினால் என்ன என்பதைச் சட்டம் யோசிக்கவே இல்லை. 79 வயது வரையிலான ஏழை முதியோருக்கு மத்திய அரசு தரும் ஓய்வூதியப் பங்கு 2007ஆம் ஆண்டில் 200 ரூபாய். பிறகும் அது அசையாமலே நின்றது. தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் ஓய்வூதியம் 1,200 ரூபாய் ஆனதற்குக் காரணம், மீதியை மாநிலம் போட்டதுதான். அந்த 200 ரூபாயை உயர்த்துங்கள் என்று நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழு திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தது. தொகை உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தாக வேண்டியிருந்தது. பதில் போதாது என்று குழு மறுபடி எழுதியது. அந்த வாதப் பிரதிவாதம் அச்சில் இருக்கிறது. நாளை ஒரு வழக்கறிஞரோ ஓர் உறுப்பினரோ ஒரு செய்தியாளரோ அதை எடுத்துக் காட்டலாம். முதியோருக்கென்றே அமைந்த ஆலோசனைக் குழுவின் பேச்சுக்கு அப்படி ஒரு தடம் விழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. பதில் வந்தால் பணம் வந்துவிடாது; அதை ஒப்புக்கொள்கிறேன். பதிலே இல்லாத இடத்தில் அடுத்த வாதத்தைத் தொடங்கக்கூடப் பிடி கிடைக்காது.

இரண்டு சட்டம், இரண்டு துறை, இரண்டு குழு என்று பிரித்ததில் விடுபட்டுப் போனவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அவர்களில் ஐவரில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். அதையே முதியோர் பக்கத்திலிருந்து திருப்பிப் பார்த்தால், முதியோர் நூறு பேரில் ஐந்து பேருக்குத்தான் ஏதாவது குறைபாடு என்று அந்தக் கணக்கு சொல்கிறது. நம் தெருக்களைப் பார்த்தவர் எவரும் இதை நம்ப மாட்டார். 2017-18இல் நடந்து 2021 ஜனவரியில் வெளியான முதுமை பற்றிய தேசிய ஆய்வு, குளிப்பது, உடுத்துவது, எழுந்து நடப்பது போன்ற அன்றாடச் செயல்களில் ஒன்றிலாவது சிரமப்படும் முதியோர் ஏறத்தாழக் கால்வாசிப் பேர், நூற்றுக்கு இருபத்து நான்கு பேர், என்றது. இரண்டு கேள்விகளும் ஒன்றல்ல. எனினும் ஐந்துக்கும் இருபத்து நான்குக்கும் இடையே உள்ள தூரத்தை அளவுகோலின் வேறுபாடு என்று மட்டும் தள்ளிவிட முடியாது. வயதாகிக் காது மந்தமானால் அது குறைபாடு என்று வீட்டாரும் நினைப்பதில்லை, கணக்கெடுப்பவரிடம் சொல்வதுமில்லை. வயசாச்சு, அவ்வளவுதான். இந்த முத்தையாபுரத்தைச் சூழ்ந்திருக்கும் உப்பளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாத்தியில் வெள்ளை வெயில் மேலிருந்தும் அடிக்கிறது, உப்பிலிருந்து திரும்பியும் அடிக்கிறது. அளத்து வேலையிலேயே காலம் கழித்தவருக்கு அறுபதில் பார்வை மங்கினால், அவர் முதியோரா, பார்வைக் குறைபாடு உடையவரா, தொழில்நோய் வந்த தொழிலாளியா? வருவாய்த் துறை முதியோர் என்று ஓய்வூதியம் தரும். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, சான்று கொண்டு வா, 40 விழுக்காடு இருக்கிறதா என்று கேட்கும். தொழிலாளர் துறைக்கு அவர் இனி தொழிலாளியே இல்லை. மூன்று துறைக்கும் அவர் பாதி ஆள். அவரைப் பற்றிய பேச்சு எந்தக் குழுவின் பொருள் நிரலிலும் முழுதாக ஏறாது. அமெரிக்காவில் 2003 முதல் முதுமை, குறைபாடு இரண்டுக்கும் சேர்த்துத் தகவல் மையங்களை அமைத்தார்கள் என்றால், அதற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. ஒரே மனிதன் இரண்டு கதவைத் தட்டி அலைவதால் அரசுக்கும் செலவு இரட்டிப்பாகிறது என்ற கணக்கும் அதில் இருந்தது.

தமிழ்நாடு 2025இல் எடுத்த அடி இந்தப் பேச்சுக்கு நடுநாயகம். ஏப்ரல் 16 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் இரண்டு மசோதாக்களை முன்வைத்தார். நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தையும் ஊராட்சிச் சட்டத்தையும் திருத்தி, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக வைப்பது அவற்றின் நோக்கம். நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ள மாநகராட்சியில் இருவர். அப்போது நகர்ப்புற மன்றங்களில் இருந்த மாற்றுத்திறனாளிகள் 35 பேர். திருத்தத்தால் அது சுமார் 650 ஆகும் என்று அரசு சொன்னது. கிராம ஊராட்சிகளில் 12,913, ஒன்றியங்களில் 388, மாவட்ட ஊராட்சிகளில் 37. இந்த எண்களைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. நாட்டின் வேறெந்த ஆலோசனை வாரியமும் இத்தனை மாற்றுத்திறனாளிகளை ஒரு மேசைக்கு அருகே கொண்டுவந்ததில்லை. ஆனால் நியமன உறுப்பினருக்கு வாக்கு கிடையாது. மாநகராட்சி, நகராட்சி விஷயத்தில் மாநிலம் நினைத்தாலும் தர முடியாது. சிறப்பு அறிவு காரணமாக நியமிக்கப்படுபவர் வாக்களிக்கக் கூடாது என்று அரசமைப்பின் 243ஆர் பிரிவே சொல்கிறது. அறுபது வார்டு உள்ள தூத்துக்குடி மாநகராட்சியில் அறுபது பேர் கை தூக்கும்போது, இவர் கை மேசை மேல்தான் இருக்கும். பெயர் உறுப்பினர், வேலை ஆலோசகர். அப்படியானால் நான் முதலில் எழுப்பிய கேள்வி இங்கேதான் முழு வேகத்தோடு வருகிறது. முத்தையாபுரம் ஊராட்சியாக இருந்த நாளில் கிராம சபை இருந்தது. கூடினதோ இல்லையோ, கேட்பதற்கு ஓர் உரிமை இருந்தது. மாநகராட்சியோடு இணைந்த பிறகு வெகுகாலம் அந்த இடம் வெற்றிடமாக இருந்து, 2022 நவம்பரில்தான் நகரங்களில் பகுதி சபை கூடத் தொடங்கியது. பகுதி சபையில் ஒருவர் சொன்னதை நியமன உறுப்பினர் மன்றத்துக்கு எடுத்துச் செல்லலாம். எடுத்துச் சென்ற பிறகு? வாக்கு இல்லாதவரின் ஒரே ஆயுதம், அவர் கேட்டதற்கு மன்றம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்ற விதிதான். அது இல்லாவிட்டால் அந்த நாற்காலி மரியாதைக்குரிய நாற்காலி, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். கண் தெரியாதவர் என்பதாலேயே ஒருவர் சாலை வடிவமைப்பில் நிபுணராகிவிடுவாரா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, அதற்கு இந்தக் கடலிலேயே பதில் கிடக்கிறது. தூத்துக்குடியில் அரசு முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1955 முதல் 1961 வரை. குளிப்பை அறிவிக்கும் முன் பார் சோதிப்பார்கள். தோலாயிரம் பார் போன்ற சிப்பிப் படுகைகளில் குளியாள் இறங்கி, சிப்பி அடர்த்தியாக இருக்கிறதா, மணல் மூடிவிட்டதா, வயது முற்றியதா என்று பார்த்து வருவார். மேலே வந்த மாதிரிச் சிப்பிகளைக் கழுவி, முத்தை எடுத்து, மதிப்புப் போடத் தெரிந்தவர்கள் மதிப்புப் போடுவார்கள். அவற்றை வைத்துத்தான் குளிப்பு உண்டா இல்லையா என்று அதிகாரி முடிவெடுப்பார். குளியாள் விலை சொல்லவில்லை. மதிப்பிடுபவர் கடலில் இறங்கவில்லை. ஆனால் குளியாளைக் கரையில் உட்கார வைத்துவிட்டு, படகில் இருந்தபடியே பாரின் நிலையை ஊகித்த அதிகாரி அரசின் பணத்தைத்தான் மூழ்கடித்திருப்பார். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டும் என்பது பொறியாளருக்கும் தெரியும், வழிகாட்டு நெறியிலும் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டடி எங்கே போய் முடிகிறது, முடியும் இடத்தில் சாக்கடை மூடி திறந்திருக்கிறதா, கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்பது அதில் ஏறி இறங்குபவருக்குத்தான் தெரியும். நிபுணத்துவம் ஒன்றில்லை, இரண்டு. குழுவில் இரண்டும் வேண்டும் என்பதே அமெரிக்கச் சட்டங்களின் அணுகுமுறையும். அங்கே முதியோர் சட்டம் 1965இல் வந்தது. அதன் கீழ் வட்டார முகமைகளுக்கு அமையும் ஆலோசனைக் குழுவில் பாதிக்கு மேல் முதியோரே இருக்க வேண்டும். வளர்ச்சிக் குறைபாடு உடையோருக்கான மாநில மன்றங்களில் 60 விழுக்காட்டினராவது குறைபாடு உடையவர்களாகவோ அவர்களின் குடும்பத்தினராகவோ இருக்க வேண்டும். 'இயன்றவரை' என்ற வார்த்தைக்கு அங்கே வேலை இல்லை.

இரண்டாம் மறுப்பு இதைவிடக் கூர்மையானது. நியமனம் என்றால் ஆளுங்கட்சிக்காரர் வருவார், சங்கத் தலைவர் வருவார், நாலு மேடையில் முகம் தெரிந்தவர் வருவார். உண்மையில் கஷ்டப்படுபவர் வர மாட்டார். இந்தக் கடற்கரைக்கு இது புதுக்கதை அல்ல. பரதவர் சமூகத்தின் சாதித்தலைவர், போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து டச்சுக்காரர், ஆங்கிலேயர் காலம் வரை ஆட்சிக்கும் மக்களுக்கும் நடுவே நின்றார். முத்துக்குளிப்பில் அவருக்கெனச் சலுகைக் கற்கள் உண்டு. கல் என்றால் குளியாள் கால் வைத்து மூழ்கும் கல், அதுவே பங்குக்கும் அளவு. ஆள்பவர் தந்த சலுகையை வைத்துக்கொண்டிருக்கும் தலைவர், ஆள்பவரிடம் எவ்வளவு கடுமையாகப் பேச முடியும்? குளியாளுக்கு அவர் யாருடைய ஆள் என்ற ஐயம் எழாமல் இருந்திருக்குமா? இதற்கு மருந்தாகக் குடவோலையைச் சொல்வார்கள். குடவோலையைப் பேசாமல் தமிழ்நாட்டில் மேடை ஏது! நானும் பேசுகிறேன், ஆனால் ஒரு குறையோடு சேர்த்து. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருப்பவரைத்தான் ஓலையில் எழுதச் சொல்கிறது. நாம் கொண்டாடும் அந்த முறையில் எழுபதைக் கடந்த முதியவருக்கு இடமில்லை. நிலமும் வீடும் இல்லாதவருக்கும் இல்லை. ஆளை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஓய்வூதியமும் மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகையும் பெறுவோர் பட்டியல் அரசிடம் இருக்கிறது. விருப்பம் தெரிவிப்போரின் பெயரை அதிலிருந்து எடுத்துக் குலுக்கி, மாவட்டக் குழுவின் இடங்களில் ஒரு பகுதியையாவது நிரப்புவதற்கு எந்தத் தடையும் இல்லை. மீதி இடங்களில் சங்கத் தலைவர்கள் இருக்கட்டும். வாதாடத் தெரிந்தவர்களும் தேவைதான். ஆனால் தேர்வு முறையை எவ்வளவு திருத்தினாலும் முழுத் தூய்மை வராது. பதில் எழுத்தில் வந்து பொதுவில் கிடந்தால், ஆள்பவரோடு இணங்கிப் போன உறுப்பினரும் தான் என்ன கேட்டார் என்பதற்குப் பதில் சொல்ல நேரும். கடமை அரசை மட்டுமல்ல, ஆலோசகரையும் கட்டும்.

பதில் கடமை என்றால் எழுத்தர் ஒருவர் 'பரிசீலனையில் உள்ளது' என்று அச்சடித்து அனுப்புவார், அதனால் என்ன லாபம் என்பது மூன்றாம் மறுப்பு. அனுபவம் உள்ளவர்கள் சொல்வது இது. எனக்கும் இதில் பாதி உடன்பாடு. ஆனால் பரிந்துரை என்ற சொல்லின் பலவீனத்தை உச்ச நீதிமன்றமே பார்த்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகத்தக்க கட்டடம், போக்குவரத்து பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகளின் 15ஆம் விதியை நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை, விதி வெறும் வழிகாட்டுதல்களின் தொகுப்பாக்கிவிட்டது என்பது காரணம். கட்டாயமான அடிப்படை அளவுகளைத் தனியே பிரித்து மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. 2005இல் தாக்கலான மனு அது, பத்தொன்பது ஆண்டு. தமிழ்நாட்டின் நகரங்களுக்குத் தாழ்தளப் பேருந்துகள் திரும்பி வந்ததற்குப் பின்னாலும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு இருக்கிறது. ஆலோசனை மேசையில் தீர்ந்திருக்க வேண்டியவை நீதிமன்றத்துக்குப் போயின. போக்குவரத்துத் துறைச் செயலாளர் அந்த ஆலோசனை வாரியத்தின் உறுப்பினர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உயரமான பேருந்தை வாங்கக் காரணம் இருந்தால், அதை மூன்று மாதத்தில் எழுதட்டும். காரணம் சரியென்றால் மனுதாரர் வீட்டில் இருப்பார், சரியில்லை என்றால் வழக்கு சீக்கிரம் முடியும். 'பரிசீலனையில் உள்ளது' என்பதைப் பதிலாக ஏற்க வேண்டியதில்லை என்றும் விதியிலேயே சொல்லலாம். ஏற்றது, ஏற்காதது, எந்தத் தேதிக்குள் முடிவு, இந்த மூன்றில் ஒன்று மட்டுமே பதில்.

அப்படியென்றால் அறிவுரையோடு ஏன் நிற்க வேண்டும், அதிகாரமே கொடுத்துவிடலாமே என்று எதிர்த் திசையிலிருந்து ஒரு குரல் வரும். சில இடங்களில் கொடுத்திருக்கிறோம். மனவளர்ச்சி குன்றியோர், புற உலகச் சிந்தனை அற்றோர் முதலியோருக்கான 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு இருக்கிறது. ஆட்சியர், பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூன்றே பேர். காப்பாளரை நியமிப்பது அவர்கள் கையில். தனி ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிய முடிவு என்பதால் அங்கே அதிகாரம் பொருந்துகிறது. பேருந்து வாங்குவது, ஓய்வூதியத்தை உயர்த்துவது, சாலை போடுவது ஆகியவை எல்லோருடைய பணத்தையும் பங்கிடும் வேலை. அதை வாக்கு வாங்கி வந்தவர்கள் செய்வதுதான் முறை. ஆலோசனைக் குழு அவர்களுடைய அதிகாரத்தைப் பறிக்க வேண்டியதில்லை. மறுக்கும் உரிமை அரசுக்கு இருக்கட்டும். மௌனமாக மறுக்கும் உரிமைதான் வேண்டாம் என்கிறேன்.

கடைசியாக, வர முடியாதவர்கள். படுக்கையில் இருக்கும் முதியவரை எந்தக் குழுவில் உட்கார வைப்பது? 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்களிடமும் 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உடையவர்களிடமும் படிவம் 12டி வாங்கி, அலுவலர்கள் பெட்டியோடு வீட்டுக்கே போய் வாக்கைப் பெற்றார்கள். வாக்குக்காக வீட்டு வாசல் வரை நடக்க முடிந்த அரசுக்கு, கருத்துக்காக நடப்பது இயலாது என்று சொல்ல முடியாது. கடலுக்கு அக்கரையில், இலங்கையில், 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தேசிய முதியோர் சபையை நிறுவியது; முதியோர் குழுக்கள் கிராம அலுவலர் பிரிவு வரை கீழே இறங்கின. அந்தத் தேசிய சபை என்ன சாதித்தது என்பது வேறு விவாதம். படுத்திருப்பவரை விசாரிக்கப் பக்கத்து வீட்டு முதியவர் போகும் தொலைவில் ஒரு குழு இருக்க வேண்டும் என்ற யோசனை சரியானது. இங்கே அந்த இடத்தில் பகுதி சபை இருக்கிறது. புதிதாக ஒன்று கட்ட வேண்டாம்.

இதற்கெல்லாம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டுமோ என்று தோன்றலாம். மாநில வாரியத்துக்கு வேண்டும். மாவட்டக் குழுவுக்கு வேண்டாம். முன்பே சொன்ன 72ஆம் பிரிவின் சுருக்கம் இங்கேதான் கை கொடுக்கிறது: குழுவின் பணிகளைக் குறிக்கும் உரிமை மாநில அரசுக்கு, மாநில விதியில் ஒரு திருத்தம் போதும். நகராட்சி மன்றங்களின் நியமன உறுப்பினர்களுக்கும் அப்படியே நடைமுறை விதியில் சேர்க்கலாம். இந்தக் கடற்கரையில் இதற்குப் பழக்கமும் இருக்கிறது. மீனவர் குறைதீர்க்கும் நாளிலும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும், போன கூட்டத்தில் கேட்டதற்கு என்ன ஆயிற்று என்று கேட்டுத்தான் அடுத்த பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆட்சியர் எதிரே துறை அலுவலர் எழுந்து நின்று பதில் சொல்கிறார். திருத்தத்தின் வாசகத்தை இந்த அவையின் பார்வைக்கு வைக்கிறேன். மொழி தெரிந்தவர்கள் செப்பனிடலாம்: 'மாவட்டக் குழு எழுத்தில் தரும் ஒவ்வொரு பரிந்துரையையும் பெறும் துறை அல்லது உள்ளாட்சி அமைப்பு, மூன்று மாதங்களுக்குள் அதை ஏற்றதையோ, காரணத்தோடு ஏற்காததையோ, முடிவெடுக்கும் தேதியையோ தமிழில் எழுதித் தெரிவிக்க வேண்டும், அந்தப் பதில் அடுத்த பகுதி சபையிலும் கிராம சபையிலும் படிக்கப்பட வேண்டும், பரிந்துரை அறுபது வயதைக் கடந்தவரைப் பற்றியதாயின், சமூக நலத் துறையும் வருவாய்த் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் சேர்ந்து ஒரே பதிலாகத் தர வேண்டும்.'